பதினோரு வீட்டுக் குடங்கள்

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாபகமும் முன்னைப் போல் இல்லை. காலையில் கழற்றி வைத்த கண்ணாடியை மத்தியானம் வரைக்கும் தேடுகிறேன்.

எழுதச் சொல்லி நோட்டைக் கையில் கொடுத்தது நீங்கள்தான். கல்யாணத் தகவல் மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள். என்ன எழுத என்று தெரியாமல் ஒரு மாசம் வெறும் நோட்டாக வைத்திருந்தேன். போன வாரம் நான் மையத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒரு பிள்ளை கம்ப்யூட்டரில் ஒரு பையனின் விவரத்தைப் பார்த்தது. படிப்பு சரி, வேலை சரி, வயசு சரி. ஊர் என்கிற இடத்துக்கு வந்ததும், “இந்த ஊரா, தள்ளு தள்ளு” என்று அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அப்படித் தள்ளினவள்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கூச்சக்காரி. நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் கல்யாணத் தரகு எப்படிப் பார்த்தாள் என்று கேட்பீர்கள். அதிகம் பேசாதவள் பொய் சொல்ல மாட்டாள் என்று ஜனங்கள் நம்பினார்கள். அவ்வளவுதான். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் எத்தனை பொய்யைப் பேசாமலே சொல்லியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இந்தத் தொழிலில் ஆளை விட ஊர்தான் முந்திக்கொண்டு நிற்கும். பையன் எப்படி என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஊர் என்று கேட்பார்கள். நம்ம கோவில்பட்டிக்கே இந்தக் கதிதான். ஆற்றுப் பாசனக்காரர்களிடம் பெண் கேட்டுப் போனால், “கோவில்பட்டியா? வெயிலும் தூசியுமா கெடக்குமே” என்று முகத்தைச் சுளிப்பார்கள். நான் மடியில் வைத்திருக்கிற கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தின்று முடித்துவிட்டு வெறும் தாளைத் தரும் வரைக்கும் அந்தப் பேச்சு ஓடும். அப்புறம், “மிட்டாய் நல்லாத்தான் இருக்கு, பொண்ணுதான் தர முடியாது” என்பார்கள். இதற்கெல்லாம் கோபப்பட்டால் தொழில் நடக்காது. சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடுவேன்.

இப்போது நான் சொல்லப்போகும் ஊரின் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் மறுபடியும் நாலு பேர் வாயில் விழும். கோவில்பட்டியிலிருந்து கிழக்கே டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். சுற்றிலும் கரிசல். மழை பெய்தால் காலில் அப்பிக்கொண்டு விடாது. காய்ந்தால் வெடிப்புக்குள் கையை விடலாம். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த ஊருக்கு இரண்டு கெட்ட பேர் இருந்தது.

ஒன்று, தண்ணீர். அங்கே கிணறு, அடிபம்பு எல்லாம் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, டீ போட்டால் பால் திரிந்துவிடும். நல்ல தண்ணீருக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரண்டாவது, சண்டைக்கார ஊர் என்கிற பேர். எந்தக் காலத்திலோ கோயில் கொடைத் திருவிழாவில் அண்ணன் தம்பிக்குள் வெட்டு விழுந்து கேஸாகியிருக்கிறது. அந்தக் குடும்பமே ஊரை விட்டுப் போய்விட்டது. பேர் மட்டும் போகவில்லை. பஸ் கண்டக்டர், “வெட்டுக்குத்து ஊரெல்லாம் எறங்கு” என்றுதான் விசில் கொடுப்பார். அந்த ஊர்க்காரர்களும் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். வேறு என்ன செய்வார்கள்?

எனக்கு இந்தத் தொழிலைக் காட்டித் தந்த அண்ணாச்சி ஒருத்தர் உண்டு. எந்த வீட்டிலும் நுழைந்த உடனே அந்த வீட்டுக்காரர் சிரிக்கும்படி செய்துவிடுவார். அவர் சொல்வார்: “ஊர்ப் பேரக் கடைசியா சொல்லணும். முதல்ல பையனச் சொல்லு, அப்புறம் வேலையச் சொல்லு, அவிய மனசு எளகுன பெறவு ஊரச் சொல்லு. அப்பவும் ‘கோவில்பட்டி பக்கம்’னு சொன்னாப் போதும்.” நான் அப்படியே செய்தேன். கயத்தாறு பக்கத்துப் பெண் ஒருத்தியை அந்த ஊருக்குக் ‘கோவில்பட்டி பக்கம்’ என்று சொல்லிக் கட்டிவைத்தேன். இருபது நாளில் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை, ஏசவில்லை. கொண்டையை அவிழ்த்துக் காட்டினாள். உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்துத் தலைமுடி தும்புக் கயிறு மாதிரி ஒட்டிப் போயிருந்தது. அப்படியே முடிந்துகொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளைப் பையன் பிறகு திருப்பூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தான்.

அந்தப் பெண் திரும்பி வந்த கதை சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியது. தண்ணீருக்காக வந்தாள் என்று யாரும் சொல்லவில்லை. “அடிச்சு வெரட்டிட்டானுவளாம், வெட்டுக்குத்து ஊர்லா?” என்று சேர்த்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மூன்று நாலு வருசம் அந்த ஊருக்கு வெளியிலிருந்து ஒரு பெண்ணும் வரவில்லை. நானும் அந்த ஊர்ப் பையன்களின் ஜாதகத்தைப் பையின் அடியில் போட்டுவிட்டேன். அந்த ஊரின் கெட்ட பேரில் என் கையும் இருக்கிறது என்று தெரிந்தும் போட்டேன்.

அந்த ஊரில் வேல்ச்சாமி என்று ஒரு பையன். டிராக்டர் ரிப்பேர் பார்ப்பான். முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோ வயசு. தகப்பன் இல்லை, தாய் குருவம்மாள் மட்டும். அவள் மாசத்துக்கு ஒரு தடவை என் வீட்டுக்கு வந்து, ஒன்றும் கேட்காமல், வெற்றிலை போட்டுவிட்டுப் போவாள். அவள் கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். கேட்காமலே போவாள், அதுதான் என்னை அறுத்தது. அவள் மகனுக்கு அமைந்தால் அந்த ஊரில் இன்னும் ஏழெட்டுப் பையன்களுக்கு வழி திறக்கும். அமையாவிட்டால் அடைத்தது அடைத்ததுதான்.

கடைசியில் கயத்தாறு தாண்டி ஒரு ஊரில் முத்துமாரி என்று ஒரு பெண் இருப்பது தெரிந்தது. வீட்டில் இருந்தபடி தீப்பெட்டி ஒட்டுகிறவள். தகப்பனார் முன்பு ஆடு மேய்த்தவர், இப்போது கொஞ்சம் நிலம் வைத்து உளுந்தும் கம்பும் போடுகிறார். பையனைப் பார்த்தார்கள், பிடித்தது. இந்தத் தடவை ஊர்ப் பேரைச் சொன்னேன். தண்ணீரைச் சொல்லவில்லை. “வீடு பாக்க வாரோம்” என்று சொல்லிவிட்டார்கள்.

வீடு பார்க்க வருகிற அன்று பெண் வீட்டார் கண்ணில் தண்ணீர்க் கஷ்டம் பட்டுவிடக் கூடாது என்று குருவம்மாளிடம் நான்தான் சொன்னேன். “மதினி, கொடம் நெறையா இருக்கட்டும்” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவள் அக்கம்பக்கத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். நான் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கினபோது, அடுப்படிக்கு முன்னால் சுவரோரமாகப் பதினோரு குடம் வரிசையாக நின்றது. பிளாஸ்டிக் குடம் ஒன்று கூட இல்லை. எல்லாம் எவர்சில்வரும் பித்தளையும். வெளிச்சம் பட்டு மினுங்கியது. எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர், தளும்பத் தளும்ப. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

டீ வந்தது. திரியவில்லை. தகப்பனார் முகம் தெளிந்தது. நம்ம பக்கம் பேசி முடிக்கும் வரைக்கும் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். சம்மதம் என்றால்தான் இலையில் உட்காருவார்கள். உள்ளே சோறும் கறியும் தயாராக இருந்தது. இன்னும் பத்து நிமிசத்தில் உட்கார்ந்துவிடுவார்கள் என்று நான் மூச்சு விட்டேன்.

முத்துமாரியின் அத்தை ஒருத்தி வந்திருந்தாள். தகப்பனாரின் அக்கா. கண்ணாடி போட்டவள், அதிகம் சிரிக்காதவள். அடுப்படியைப் பார்த்தாள், தொழுவத்தைப் பார்த்தாள், திரும்பி வந்து குடங்களுக்கு முன்னால் குனிந்தாள்.

“க. பொன்னுத்தாய்” என்று வாசித்தாள். அடுத்த குடத்துக்கு நகர்ந்தாள். “சு. மாரியம்மாள்.” அதற்கு அடுத்தது. “பூப்பு நீராட்டு விழா அன்பளிப்பு, தாய்மாமன் ரா. சங்கரபாண்டி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல பாத்திரம் என்றால் பேர் வெட்டாமல் எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள்? பிளாஸ்டிக் குடம் வைத்தால் மதிப்பு இல்லை என்று வீட்டுக்கு வீடு சீர்க் குடத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் தோன்றவில்லை, எழுத்துக் கூட்டி வாசிக்கிற எனக்கும் தோன்றவில்லை.

பதினோரு பேரையும் வாசித்து முடித்து அத்தைக்காரி நிமிர்ந்தாள். “ஏம் மதினி, ஒங்களுக்கு ஒத்த மகன்னு சொன்னாவ. வீட்டுல எத்தன மருமக்கமாரு இருக்காவ? குருவம்மான்னு ஒண்ணக் காணோமே.”

குருவம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கூட வந்திருந்த பெண்ணின் தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “வெட்டுக்குத்து ஊருன்னுதான் சொன்னானுவ. ஏமாத்துக்கார ஊருன்னு ஒருத்தனும் சொல்லலயே! வாங்க போவோம்.”

வாசலில் ஊர்ச் சனம் நின்றது. அதிலிருந்து ஒரு பையனின் குரல், “யாரச் சொல்லுதீங்க ஏமாத்துக்காரன்னு? வீடு தேடி வந்தவியன்னு பாக்கேன்!” என்றது.

“பாத்தா என்ன செய்வே? அருவாள எடுப்பியோ?” என்றார் தாய்மாமன்.

“ஏலே, வாய மூடு” என்று யாரோ அந்தப் பையனை இழுத்தார்கள். அவன் திமிறினான். வேல்ச்சாமி இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வந்து நின்றான். இன்னும் ஒரு வார்த்தை தடித்தால் கைகலப்பு. கைகலப்பு என்றால் அந்த ஊரின் இரண்டாவது பேரும் அன்றைக்கே உறுதியாகிவிடும். நான் ஒருத்தி பேசாமல் இருந்தால் எல்லாப் பழியும் குருவம்மாள் தலையில் போகும், நான் அடுத்த வாரம் வேறு வீட்டில் டீ குடிப்பேன். அது தெரிந்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“கொடம் வைக்கச் சொன்னது நாந்தான்” என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். உட்கார்ந்துகொண்டேதான் பேசினேன். “இந்த ஊருத் தண்ணி உப்பு. குடிக்க மூணு கிலோமீட்டர் போவணும். பருப்பு வேகாது. நான் முன்ன கட்டி வச்ச பொண்ணு போனது தண்ணியாலதான். யாரும் அவள அடிக்கல. நாந்தான் சொல்லாம கட்டி வச்சேன். தண்ணி கெட்ட பேரு நெசம். ஆனா சண்டக்கார ஊருன்னு சொல்லுதீங்களே. இந்தக் கோடையில ஒரு கொடம் தண்ணிய யாரு யாருக்குக் குடுப்பா? அடுத்த வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் அமையட்டும்னு பதினோரு வீட்டுக்காரி சீர்க் கொடத்தோட தூக்கிக் குடுத்துருக்காளே. வெட்டிக்கிடுத ஊர்லயா இது நடக்கும்?”

என் ஆயுசில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. பெண் வீட்டார் கை நனைக்காமலே கிளம்பிவிட்டார்கள். நானும் அவர்களோடு போக வேண்டியிருந்தது. குருவம்மாள் என்னைப் பார்த்து, “வாயத் தச்சுருக்கப்பிடாதா மதினி” என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் அத்தைக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோவில்பட்டியில் இறங்கும்போது, “நாளைக்கு வீட்டுக்கு வாங்க. இங்கன சொன்னத ஒண்ணு விடாம எங்க புள்ளகிட்ட நீங்களே சொல்லுங்க. கட்டிக்கிடப் போறவ அவதான்” என்றாள்.

மறுநாள் போனேன். முத்துமாரி தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கை நிற்கவில்லை. தாளை மடிக்கிறாள், பசையைத் தடவுகிறாள், தூக்கிப் போடுகிறாள். தண்ணீரைச் சொன்னேன், தலைமுடியைச் சொன்னேன், வெட்டுக் கேஸைச் சொன்னேன், குடத்தைச் சொன்னேன்.

“தண்ணி யாரு தூக்குவா பெரியம்மா? நானா, அவியளா?”

“வேல்ச்சாமி சைக்கிள்ல நாலு கொடம் கட்டிக் கொண்டாருவான். நானே பாத்துருக்கேன். அவங்கம்மாவத் தூக்க விடமாட்டான்.”

இன்னும் நாலைந்து பெட்டி ஒட்டினாள். பிறகு கை நின்றது. “அந்தப் பதினோரு கொடமும் அவியவிய வீட்டுக்குச் சரியாத் திரும்பிப் போச்சா?”

“தெரியலையே தாயி, எதுக்குக் கேக்கே?”

“இல்ல பெரியம்மா, குடுக்கும்போது எல்லாரும் நல்லாத்தான் குடுப்பாவ. காரியம் நடக்கலன்னு ஆன பெறவு திருப்பி வாங்கையிலதான் சண்ட வரும். ‘ஏங் கொடத்துல நசுங்கல் விழுந்துட்டு, ஒன்னாலதான’ன்னு. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

இருபத்திரண்டு வயசுப் பெண். இருபது வருசமாக நான் ஊர்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் கேட்பேன், பஸ் ஸ்டாப்பில் கேட்பேன். இப்படி ஒரு விசாரிப்பு எனக்குத் தோன்றியதே இல்லை.

போகப் பயமாகத்தான் இருந்தது. அந்த ஊரில் யார் முகத்தில் விழிப்பது? இரண்டு நாள் தள்ளிப் போட்டு மூன்றாம் நாள் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே குருவம்மாள் தெருவில் சத்தம். பொம்பளைகள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போகலாம் என்றால் பஸ் கிளம்பிவிட்டது.

கிட்டப் போனேன். குருவம்மாள் இடுப்பில் ஒரு எவர்சில்வர் குடத்தோடு பொன்னுத்தாய் வீட்டு வாசலில் நிற்கிறாள். பொன்னுத்தாய் படியை மறித்துக்கொண்டு கத்துகிறாள்.

“அந்தக் கொடத்தோட ஏம் படிய மிதிச்சேன்னா பாத்துக்கோ!”

“ஒங் கொடந்தானட்டி, எத்தன நாளைக்கு நான் வச்சுருக்க?”

“பொண்ணு வீட்டுல வேண்டாம்னு சொல்லிட்டாவளா? சொல்லலல்லா? பெறவு என்னத்துக்கு வெரசா தூக்கிட்டு வாரே? நான் வாங்கி உள்ள வச்சா சம்பந்தம் முறிஞ்சுதுன்னு ஆயிரும். கொண்டு போ!”

குருவம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள். இத்தனை நாள் கோபம் எங்கே போனதோ, பஞ்சாயத்துக்கு ஆள் கிடைத்த மாதிரி, “நீங்களே கேளுங்க மதினி. பதினோரு பேர்ல ஒருத்தியும் வாங்க மாட்டேங்கா. எம் பேச்ச யாரு மதிக்கா இந்த ஊர்ல!” என்றாள்.

வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். மிச்சம் பத்துக் குடமும் நின்ற இடத்திலேயே நின்றது. நல்ல தண்ணீர் தீர்ந்துவிட்டது. வெறுங்குடமாக நிற்கக் கூடாதென்று உப்புத் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தாள்.

குருவம்மாள் எனக்கு டீ போட்டுத் தந்தாள். பால் திரிந்திருந்தது. குடித்தேன். அப்படியே கயத்தாறு பஸ் பிடித்து முத்துமாரி வீட்டுக்குப் போனேன்.

“என்ன பெரியம்மா, கொடம் எல்லாம் போய்ச் சேந்துட்டா?”

“ஒண்ணு கூடப் போவல தாயி. பதினொண்ணும் அங்கனயேதான் நிக்கிது. ஒன் பதில் வார வரைக்கும் ஒருத்தியும் வாங்கமாட்டாளாம். அதுக்குத்தான் தெருவுல சண்ட.”

முத்துமாரி சிரித்துவிட்டாள். அவள் அத்தைக்காரி கூட, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தப் பிள்ளை கையில் இருந்த பசையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே, “அப்ப இருக்கட்டும். நானே போய்க் குடுத்துக்கிடுதேன்” என்றது.

அவ்வளவுதான் சம்மதம். அந்த ஆவணியில் கல்யாணம் நடந்தது. மறுநாள் காலையில் புதுப்பெண் ஒவ்வொரு குடமாக இடுப்பில் வைத்துப் பேரை வாசித்து வாசித்து வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்ததை ஊரே வேடிக்கை பார்த்ததாம். நான் அன்றைக்கு அங்கே இல்லை, குருவம்மாள் சொல்லித்தான் தெரியும்.

பிள்ளைகளே, ஒரு ஊருக்குக் கெட்ட பேர் இருந்தால் அதில் பாதி நிசமாகத்தான் இருக்கும். அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மறைத்தால் எப்படியும் யாராவது குனிந்து வாசித்துவிடுவார்கள். மிச்சப் பாதியைக் கம்ப்யூட்டரில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, பஸ் ஏறித்தான் போக வேண்டும். இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

குடம் பதினொன்றா பன்னிரண்டா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. கல்யாணம் ஆவணியா, தை மாசமா என்பதும் உறுதியில்லை. தாய்மாமன் பேசினதைக் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டேனோ என்றும் இருக்கிறது. உங்களில் யாராவது ஒருத்தர் முத்துமாரியிடம் கேட்டுச் சரி பார்த்துத் திருத்திவிடுங்கள். ஊர்ப் பேரை நேரில் வந்தால் சொல்கிறேன். முத்துமாரியிடம் போனில் கேட்காதீர்கள், போய்க் கேளுங்கள்.